துறைமுகச் சீமெந்தும் பல்வேரின் துளையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் உட்கடலோரத்தில், சீனக்குடாவை அடுத்த கொட்பேப் பகுதியில், சீமெந்து ஆலையொன்று இயங்கி வருகின்றது. 1982 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டோக்கியோ சீமெந்துக் கம்பனியின் ஆலை அது. கடல் கடந்து கப்பலில் வந்திறங்கும் கிளிங்கர் என்னும் கரிய கட்டிகள் அங்கே ஜிப்சத்துடன் சேர்த்து அரைக்கப்பெற்றுச் சாம்பல்நிறத் தூளாகி, மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குச் செல்கின்றன. வீடு கட்டுவோரும் பாலம் அமைப்போரும் நாடும் அத்தூளுக்கும், மனிதனின் வாயினுள்ளே ஒரு பல்லின் வேரில் விழுந்துவிட்ட ஊசிமுனையளவு துளைக்கும் தொடர்பு இருக்கக்கூடுமென்று எவரும் எளிதில் எண்ணார். ஆயினும் தொடர்பு உண்டு. நெடுங்காலமாகப் பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதிலேயே முடிந்துவந்த ஒரு விபத்துக்கு நம்பத்தக்க பரிகாரம் கிடைத்தது, நீரிலே இறுகும் சீமெந்தின் வழியாகத்தான். அவ்விபத்தின் வரலாறும், அதனைக் கண்டறியவும் சீர்செய்யவும் மருத்துவ உலகம் நடந்துவந்த பாதையும் யாவரும் அறியத்தக்கவை.

முதற்கண் பல்லின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும். வாயில் வெளியே தோன்றும் முடி, பல்லின் ஒரு பகுதியே. அதனினும் நீண்ட வேர் தாடையெலும்பினுள்ளே புதைந்து கிடக்கின்றது. முன்பற்களுக்குப் பெரும்பாலும் ஒரு வேர். கடைவாய்ப் பற்களுக்கு இரண்டோ மூன்றோ வேர்கள். பல்லின் நடுவே ஓர் அறையும், அவ்வறையிலிருந்து ஒவ்வொரு வேரின் நுனிவரையும் செல்லும் நுண்ணிய குழாயும் உள்ளன. நரம்பும் குருதிக்குழல்களும் அடங்கிய பற்கூழ் அவற்றினுள் வாழ்கின்றது. வேரின் வெளிப்புறத்தை மெல்லியதொரு படை போர்த்தியிருக்கின்றது. அதனைப் பற்சீமெந்து என்றே உடற்கூற்று நூலோர் வழங்குவர். அப்படையையும் தாடையெலும்பையும் நுண்ணிய நார்த்தளைகள் பிணைத்து நிற்பதனாலேயே பல் ஆடாது நிலைபெறுகின்றது.

பற்சொத்தை ஆழ்ந்து கூழை அழுகச் செய்யுமிடத்து, வைத்தியர் பல்லின் முடியைத் திறந்து, குழாயினுள் மெல்லிய அரங்களைச் செலுத்தி, அழுகலை அகற்றிச் சுத்தம் செய்து, இடைவெளியை நிரப்பி மூடுவார். இதுவே வேர்க்குழாய்ச் சிகிச்சை. கடைவாய்ப் பல்லின் குழாய் நேரான வழியன்று. அது வளைந்து செல்லும்; சில வேளை முதுமையினால் ஒடுங்கி மறையும். வைத்தியரின் கையில் உள்ள துளைகருவி குழாயின் திசையை விட்டுச் சிறிது விலகுமாயின், பல்லின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எலும்பினுள் சென்றுவிடும். இதனையே வேர்த்துளை என்கின்றனர். இரு வேர்கள் பிரியும் கவட்டிலும், வளைந்த வேரின் உட்புறத்திலும், முடியைத் தாங்குவதற்காக வேரினுள் தண்டு பொருத்தும்போதும் இது நேர்வதுண்டு. வைத்தியரின் கருவியன்றிச் சொத்தையும், வேர் தானே கரைந்து தேயும் நோயும் இத்தகைய துளையை உண்டாக்குவதுண்டு.

துளை சிறியது, அதன் விளைவோ பெரிது. வாயிலுள்ள நுண்ணுயிர்களுக்கு எலும்பினுட் புக ஒரு வாயில் திறந்துவிடுகின்றது. முதலில் அழற்சி தோன்றும், பின்னர் எலும்பு கரையும், நார்த்தளைகள் அறும். ஈறு பல்லை விட்டு விலகி ஆழ்ந்த பையொன்று உருவாகுமாயின், அப்பல்லைக் காப்பது அரிதாகிவிடும். நன்னிலையில் நின்ற ஒரு பல், காக்கப் புகுந்த கையினாலேயே வீழும் அவலம் இது.

பல்லைப் பிடுங்குவதொன்றே மருத்துவமாயிருந்த காலத்தில் இவ்விபத்துக்கு இடமில்லை. பாய்க்கப்பல்கள் திருக்கோணமலையில் நங்கூரமிட்ட நாள்களில், பல்வலியால் துடித்த மாலுமிக்குக் கப்பல் வைத்தியரின் குறடே கதி. கரையிலிருந்தோருக்கும் கிராம்பும் உப்புநீரும் தற்காலிக ஆறுதலையே தந்தன; இறுதியிற் பல் போயிற்று. பல்லைக் காக்க வேண்டுமென்னும் நன்னோக்கம் பிறந்த பின்னரே வேர்த்துளை என்னும் இடரும் பரவலாயிற்று.

அந்நன்னோக்கத்தின் தொடக்கம் எளிமையானது. 1838 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் எட்வேட் மேனாட் என்னும் பல் வைத்தியர், கடிகாரமொன்றின் சுருள்வில்லை அராவி, வேர்க்குழாயைத் துப்புரவு செய்யும் கருவியை ஆக்கினார். துப்பாக்கிகளுக்குப் புதிய பொறியமைப்புகளைக் கண்டு பெயர்பெற்றவரும் அவரே. 1864 இல் சான்போர்ட் பார்ணம் என்பவர் மெல்லிய இறப்பர்த் திரையைப் பல்லைச் சுற்றி விரித்து, உமிழ்நீர் உட்புகாது தடுக்கும் வழியைக் காட்டினார். 1867 இல் போமன் என்பவர் குழாயை நிரப்புவதற்குக் கட்டபேர்ச்சா என்னும் பாற்பிசினைக் கையாண்டார்.

இக்கட்டபேர்ச்சா மலாயாக் காடுகளின் மரத்திலிருந்து வடிவது. சிங்கப்பூரில் பணிபுரிந்த வில்லியம் மொன்ற்கொமரி என்னும் வைத்தியர் 1840களில் அதனை இலண்டனுக்கு அறிமுகஞ் செய்தார். சூட்டினால் இளகி, குளிர்ந்ததும் உறைந்து, கடல்நீரிற் கெடாது நிற்கும் அதன் இயல்பு கண்டு, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதனை உறையாக்கினர். கடலுக்காகத் தெரிந்தெடுத்த பொருள் பல்லுக்கும் உதவியது. கடலும் வாயும் ஈரமான இடங்கள். ஒன்றை வெல்லும் பொருள் மற்றதையும் வெல்லக்கூடும் என்னும் பாடம் அப்போதே எழுதப்பெற்றுவிட்டது. அதனை முழுமையாகப் படிக்க நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

அக்காலத்துப் பல் வைத்தியர் இருளிற் கைதடவுவார் போலவே தொழில் செய்தார். கருவி குழாயினுள் நிற்கின்றதா, சுவரைத் துளைத்து வெளியே சென்றுவிட்டதா என்பதைக் காணும் வழி இல்லை. 1895 ஆம் ஆண்டின் இறுதியில் ஜேர்மனியில் றொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த செய்தி வெளியாயிற்று. சில வாரங்களுக்குள்ளேயே ஒற்றோ வோக்கோவ் என்பவர் தம் பற்களின் கதிர்ப்படத்தை எடுத்துக்கொண்டார். அதற்காக அவர் அசையாது இருந்த நேரம் 25 நிமிடங்கள். நியூ ஓர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்னும் வைத்தியர் 1899 இல் ஈயக் கம்பியை வேர்க்குழாயில் வைத்துப் படமெடுத்து, வேரின் நீளத்தை அளந்தறிந்தார். கதிரின் தீமை அறியப்படாத காலமாதலால், அவர் முதலில் விரல்களையும் பின்னர்க் கையையும் இழந்து, 1928 இல் மறைந்தார். இன்று ஒரு நொடிக்குள் எடுக்கப்பெறும் பற்படத்தின் பின்னால் இத்தகைய தியாகங்கள் நிற்கின்றன.

கதிர்ப்படம் கிடைத்ததனால் மட்டும் பற்கள் பிழைத்துவிடவில்லை. 1910 ஆம் ஆண்டில் வில்லியம் ஹன்ரர் என்னும் ஆங்கில வைத்தியர் கனடாவின் மொன்றியல் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். வாயிலுள்ள அழுக்கே உடம்பின் பல நோய்களுக்கும் மூலமென்று அவர் வாதித்தார். அவ்வுரையின் தாக்கம் நெடுநாள் நின்றது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் காரணம் தேடிப் பற்களை வரிசையாகப் பிடுங்கும் வழக்கம் மேலைநாடுகளில் இருபது முப்பது ஆண்டுகள் ஓங்கியிருந்தது. நோயற்ற பல்லுக்கே பாதுகாப்பில்லாத அக்காலத்தில், வேரிற் துளை விழுந்த பல்லுக்குப் பரிந்து பேசுவோர் யாவர்?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காற்று மாறி வீசத் தொடங்கியது. வேர்க்குழாய்ச் சிகிச்சையை ஒழுங்குபடுத்த உழைத்த அமெரிக்க அறிஞர் யோன் இங்கிள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அச்சிகிச்சையின் தோல்விகளை ஆராய்ந்தார். தோல்வியுற்றவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வேர்த்துளையினால் நேர்ந்ததென்றும், தோல்விக்கான காரணங்களுள் அது இரண்டாவதாக நிற்கின்றதென்றும் அவ்வாய்வு காட்டியது. இவ்வாறு அதுகாறும் வைத்தியர்கள் வெளியிற் சொல்லக் கூசிய ஒரு விபத்து, எண்ணி அளந்து ஆராயத்தக்க பொருளாயிற்று.

துளையை எதனைக் கொண்டு மூடுவது என்பதே அடுத்த வினா. வெள்ளியும் இரசமும் கலந்த கலவையால் மூடிப் பார்த்தனர்; கட்டபேர்ச்சாவால் அடைத்தனர்; நாக ஒட்சைட்டும் கிராம்பெண்ணெயும் குழைத்த பசையைப் பூசினர்; பொன்தகட்டையும் விட்டாரில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே தடை குறுக்கே நின்றது. அது ஈரம். துளையின் மறுபுறத்தில் குருதியும் நிணநீரும் ஊறிக்கொண்டேயிருக்கும். உலர்ந்த இடத்தில் உறுதியாய்ப் பற்றும் பொருள்கள் ஈரத்திற் பற்று விடும். ஓரங்களிற் கசிவு தோன்றும். அவ்வழியே நுண்ணுயிர் மீண்டும் நுழையும். மூடிய துளை மூடாத துளையாகவே இருந்தது.

இவ்விடத்தில் தமிழர் நன்கறிந்த ஒரு பொருள் இவ்வரலாற்றில் நுழைகின்றது. அது சுண்ணாம்பு. வெற்றிலைத் தட்டில் பாக்குடன் வைக்கப்பெறும் நீற்றிய சுண்ணாம்பு, வேதியியலார் மொழியிற் கல்சியம் ஐதரொட்சைட்டு. 1920 இல் ஜேர்மனியரான ஹேர்மன் என்பவர் தூய கல்சியம் ஐதரொட்சைட்டைப் பற்சிகிச்சையிற் புகுத்தினார். அதன் கடுங்காரத்தில் நுண்ணுயிர்கள் பிழைப்பதில்லை. அதனோடு, உடம்பின் இழையங்களைக் கடினமான புதுப்படையை உண்டாக்குமாறு அது தூண்டுகின்றது. வேர்த்துளைகளிலும் அதனை இட்டுப் பார்த்தனர். சில துளைகள் ஆறின. எனினும் அது இறுகுவதில்லை, நாளடைவிற் கரைந்துபோயிற்று. நோயை அடக்கும் குணம் சுண்ணாம்பிடம் இருந்தது; நிலைத்து நின்று காக்கும் வலிமை இல்லை. சுண்ணாம்பின் குணமும் கல்லின் உறுதியும் ஒருங்கே உடைய பொருளொன்று தேவைப்பட்டது.

பரிகாரத்துக்கு முன்னே நோயை அறிதல் வேண்டுமன்றோ? அத்துறையில் யப்பானியர் ஆற்றிய பணி பெரிது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. அதே 1942 இல், யப்பானில் சுசுக்கி என்னும் ஆய்வாளர், வேர்க்குழாயினுள் நிற்கும் கருவிக்கும் வாயின் மென்தோலுக்குமிடையே மின்தடை மாறாத அளவினதாக இருப்பதைக் கண்டார். 1962 இல் சுனாடா என்பவர் அவ்வுண்மையைக் கொண்டு வேரின் நீளத்தை மின்சாரத்தால் அளக்கும் முறையை அமைத்தார். கருவி வேரின் நுனியை அடைந்து எலும்பை அணுகியதும் மானி அதனைக் காட்டிவிடும். வேர் 20 மில்லிமீற்றர் நீளமுடையதென்று கதிர்ப்படம் கூற, கருவி 12 மில்லிமீற்றர் சென்றவுடனேயே மானி எல்லையைக் காட்டுமாயின், கருவி நுனியை அடையவில்லை, பக்கச் சுவரைத் துளைத்துவிட்டதென்பது புலனாகும்.

வேறு அறிகுறிகளும் உள. உலர்ந்திருந்த குழாயினுள் திடீரெனக் குருதி பெருகுதல், மரத்துப்போயிருந்த பல்லிற் சுரீரென வலி தோன்றுதல், குழாயில் இட்ட காகிதத்திரியின் நுனியன்றிப் பக்கத்திற் குருதிக்கறை படிதல் ஆகியன வைத்தியரை எச்சரிக்கும். கதிர்ப்படம் ஒரு தட்டையான நிழலாதலால், பல்லின் முன்புறத்திலோ பின்புறத்திலோ உள்ள துளையைப் பல்லின் நிழலே மறைத்துவிடும். ஆகவே கோணத்தை மாற்றி இரண்டாவது படமும் எடுத்தல் வேண்டும். சிகிச்சை முடிந்து பல மாதங்களின் பின்னர், ஈற்றில் ஓரிடத்தில் மட்டும் ஒடுங்கிய ஆழமான பை காணப்படுமாயின், அறியப்படாது விடப்பட்ட துளையை ஐயுறலாம். 1990களில் அறுவை நுண்நோக்கி இச்சிகிச்சையிற் பரவியது. அதன் இறுதியாண்டுகளில், கூம்புக்கதிர் கொண்டு முப்பரிமாணப் படமெடுக்கும் கருவியும் வந்து சேர்ந்தது. கெல்ஸ் கையிழந்து தேடிய ஒளி, அதன்பின் மூன்று திசைகளிலும் பாய்ந்தது.

இனி, கொட்பே ஆலையின் தூளுக்குத் திரும்பலாம். 1624 இல் போத்துக்கேயர் திருக்கோணமலையில் கோட்டை எழுப்பிய காலத்திற் கட்டடம் கட்டுவோர் நம்பியது கல்லையும் சுண்ணச்சாந்தையும். அச்சாந்து காற்றில் உலர்ந்தே இறுகும், நீருக்கடியில் இறுகாது. 1750களில் இங்கிலாந்தின் எடிஸ்ரன் பாறையிற் கலங்கரை விளக்கம் கட்டப் புகுந்த யோன் சிமீற்றன், களிமண் கலந்த சுண்ணக்கல்லை நீற்றினால் நீரிலும் இறுகும் சாந்து கிடைக்குமென்று கண்டார். 1824 இல் லீட்ஸ் நகரத்துக் கொத்தனாராகிய யோசப் அஸ்ப்டின், போட்லாந்துச் சீமெந்து என்னும் பெயரில் ஆக்கவுரிமை பெற்றார். இலங்கையில் 1950 இல் காங்கேசன்துறை ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 1990 இல் போரின் காரணமாக அது நின்றது. திருக்கோணமலை ஆலை 1980களிலிருந்து இயங்கிவருகின்றது.

போட்லாந்துச் சீமெந்து உலர்வதனால் இறுகுவதன்று. நீரோடு கூடுவதனால் இறுகுவது. அதன் முதன்மையான கூறு முக்கல்சியம் சிலிக்கேற்று. நீர் பட்டதும் அது பாகுபோன்றதொரு பொருளாக மாறிப் பின் கல்லாகின்றது. அம்மாற்றத்தின்போது உடன் விளைவாகச் சுண்ணாம்பு, அஃதாவது கல்சியம் ஐதரொட்சைட்டு, வெளிப்படுகின்றது. வைத்தியர்கள் தேடிய இரு குணங்களும் இவ்வொரு பொருளில் அடங்கியிருந்தன. 1878 இலேயே ஜேர்மனியில் விற்றே என்னும் வைத்தியர் வேர்க்குழாயைப் போட்லாந்துச் சீமெந்தால் நிரப்புவது குறித்துக் கட்டுரை எழுதியுள்ளார். ஆயினும் அக்கருத்தை உலகம் மறந்தது.

அதனை மீண்டும் உயிர்ப்பித்தவர், கலிபோர்னியாவின் லோமா லிண்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மஹ்மூத் தொராபினெஜாத். அவரும் அவர்தம் குழுவினரும் சுத்திகரித்த போட்லாந்துச் சீமெந்து நூற்றுக்கு 75 பங்கு, பிசுமது ஒட்சைட்டு 20 பங்கு, ஜிப்சம் 5 பங்கு என்னும் அளவிற் கலந்த தூளை ஆக்கினர். கதிர்ப்படத்தில் அடைப்பு வெண்மையாய்த் தெரிதற்பொருட்டே பிசுமது சேர்க்கப்பெற்றது. கனிம மூவொட்சைட்டுத் திரள் எனப் பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எம்.ரி.ஏ. என வழங்குவர். 1993 இல் வெளியான முதல் ஆய்வே வேர்த்துளை பற்றியது. பிடுங்கிய 50 கடைவாய்ப் பற்களிற் துளையிட்டு, சிலவற்றை இரசக்கலவையாலும், சிலவற்றை நாக ஒட்சைட்டுப் பசையாலும், சிலவற்றை இப்புதுத் தூளாலும் மூடி, நீலச்சாயத்தில் வைத்தனர். எம்.ரி.ஏ. கொண்டு மூடிய பற்களிலேயே சாயம் மிகக் குறைவாகப் புகுந்திருந்தது.

1995 இல் வெளியான இரண்டாவது ஆய்வு இன்னும் ஆழ்ந்த உண்மையைக் காட்டியது. நாய்களின் பற்களில் வேர்க்கவட்டிற் துளையிட்டு, ஒரு தொகுதியை உடனே மூடினர். மற்றொன்றைப் பல வாரங்கள் வாயின் அழுக்குக்குத் திறந்துவிட்டுப் பின்னர் மூடினர். இரசக்கலவையால் மூடியவை எல்லாவற்றிலும் அழற்சி இருந்தது. எம்.ரி.ஏ. கொண்டு உடனே மூடிய ஆறு பற்களில் ஐந்து அழற்சியின்றி ஆறின. அவ்வைந்திலும் அடைப்பின்மீது புதிய பற்சீமெந்துப் படை வளர்ந்திருந்தது. மனிதன் ஆக்கிய சீமெந்தின்மேல் உடம்பு தன் சீமெந்தை விரித்து மூடிற்று. தாமதித்து மூடிய ஏழு பற்களிலோ நான்கில் அழற்சி காணப்பட்டது. மருந்து ஒன்றே, வேறுபட்டது காலம்.

இவ்வாய்வுகளின் பயனாக, 1996 இல் பூஸ், துரோப் என்னும் அறிஞர் இருவர் வேர்த்துளையின் விதியைத் தீர்மானிப்பன மூன்று என வகுத்தனர். அவை இடம், அளவு, காலம். வேரின் நுனியருகே உள்ள துளை எளிதில் ஆறும். எலும்பின் விளிம்புக்கு மேலே உள்ள துளையைச் சாதாரண அடைப்பாலேயே மூடலாம். எலும்பின் விளிம்பை ஒட்டிய துளையே மிக ஆபத்தானது. ஈறு அதனுட் புகுந்து பையை உண்டாக்கிவிடும். சிறு துளை பெருந்துளையினும் நன்று. உடனே மூடிய துளை, நாள்பட்ட துளையினும் நன்று. இடமும் அளவும் விபத்தின் கையில் உள்ளன. காலமோ மனிதரின் கையில் உள்ளது.

துளை கண்டவுடன் வைத்தியர் செய்ய வேண்டுவது யாது? முதலில் வேலையை நிறுத்துதல். பின்னர், இறப்பர்த் திரையின் காப்பில், மென்மையான கழுவுநீரால் இடத்தைத் துப்புரவாக்கிக் குருதியை அடக்குதல். வேர்க்குழாயைக் கழுவும் கடுமையான குளோரின் நீர் துளையின் வழியே எலும்பினுள் பாயுமாயின் கொடிய வலியும் வீக்கமும் உண்டாகும். ஆகவே அதிற் பெருங்கவனம் வேண்டும். துளை பெரிதாயின், அடைப்பு எலும்பினுட் பிதுங்கிச் செல்லாதவாறு, உடம்பு கரைத்துக்கொள்ளும் பொருளாற் சிறு தளமிடுவர். அதன்மேல் எம்.ரி.ஏ. தூளை மூன்று பங்குக்கு ஒரு பங்கு நீர்விட்டுக் குழைத்து வைத்து, ஈரப்பஞ்சால் மூடி இறுகவிடுவர். எந்த ஈரம் முன்னைய மருந்துகளையெல்லாம் தோற்கடித்ததோ, அந்த ஈரமே இம்மருந்துக்கு உணவாகின்றது. இவ்வழியாலும் ஆறாதவற்றுக்கு ஈற்றைத் திறந்து செய்யும் அறுவையும், கெட்ட வேரை மட்டும் வெட்டி நீக்கும் முறையும் உண்டு. இறுதி வழியே பல்லைக் களைதல்.

எம்.ரி.ஏ. குறையற்ற பொருளன்று. அது இறுகுவதற்கு மூன்று மணிநேரம்வரை செல்லும், கையாளுதற்கு மணல்போல் உதிரும், பல்லின் நிறத்தைக் கருமையாக்குவதுண்டு, விலையும் மிகுதி. ஏறத்தாழ 2010 அளவில் பிரான்சு நாட்டுக் கம்பனியொன்று வெளியிட்ட பயோடென்ரீன் என்னும் பொருள், முக்கல்சியம் சிலிக்கேற்றைத் தூயதாக ஆக்கி, பிசுமதுக்குப் பதில் சிர்க்கோனியம் ஒட்சைட்டைச் சேர்த்தது. அது ஏறத்தாழ 12 நிமிடத்தில் இறுகும். திருக்கோணமலை மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கடற்கரையில் இல்மனைற்று, உரூற்றைலோடு அள்ளப்பெறும் சிர்க்கன் மணல், அச்சிர்க்கோனியத்தின் தாதுப்பொருளே. ஆக, இம்மருந்துகளின் இனப்பொருள்கள் இம்மாவட்டத்துக்கு அந்நியமானவையல்ல.

இனம் ஒன்றாயினும் தூய்மை வேறு. கட்டடச் சீமெந்தில் உடம்புக்கு ஒவ்வாத உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். அதன் துகளின் பருமனும் வேறு. வெற்றிலைச் சுண்ணாம்பையோ கட்டடச் சீமெந்தையோ பற்குழியில் இட்டுக்கொள்ளத் துணிவது பெருந்தீங்காகும். அறிவினாற் சுத்திகரிக்கப்பெற்ற பின்னரே மண் மருந்தாகின்றது.

2015 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எம்.ரி.ஏ. கொண்டு சீர்செய்த வேர்த்துளைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு நலம்பெற்றன என்று காட்டுகின்றது. எஞ்சிய ஒன்றை நினைக்குந்தோறும் காலத்தின் அருமை விளங்கும். கிண்ணியாவிலிருந்து நகருக்கு வருவோர் 2009 இற் பாலம் திறக்கப்படும்வரை, பாதை என வழங்கிய மிதவைக்குக் காத்துநின்றே களப்பைக் கடந்தனர். இன்று அந்தத் தடை இல்லை. எனினும் பல் வைத்தியக் கல்விக்கும் உயர்சிகிச்சைக்கும் தலைமையிடமாகிய பேராதனை, திருக்கோணமலையிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. நாட்கூலியை இழந்து அவ்வளவு தூரம் செல்லத் தயங்கும் மீனவனும் கமக்காரனும், "வலி குறைந்துவிட்டதே, பின்னர்ப் பார்க்கலாம்" என்று நாள் கடத்துவது இயல்பே. வலி குறைவது நோய் தீர்ந்ததற்கு அடையாளமன்று. திறந்த துளையினுள் ஒவ்வொரு நாளும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

ஆகையால் வைத்தியரின் கடமை கைத்திறனோடு முடிவதன்று. துளை விழுந்துவிட்டதென்பதை நோயாளியிடம் மறையாது கூறுதலும், அன்றே மூடக்கூடுமாயின் மூடுதலும், இயலாதாயின் தற்காலிகமாக அடைத்து, கதிர்ப்படத்தோடும் குறிப்போடும் தக்க இடத்துக்கு விரைந்து அனுப்புதலும் அவர் கடனாகும். வளைந்த குழாயில் தேர்ந்த கையும் சில வேளை தவறும்; அது குற்றமென்று முடிந்த முடிபாகக் கொள்ளத்தக்கதன்று. அறிந்தும் சொல்லாது விடுதலே பல்லைக் கொல்கின்றது. நோயாளியின் பங்கும் உண்டு. சிகிச்சையின் பின் குறித்த நாளில் மீண்டும் சென்று படமெடுத்துக்கொள்ளுதல், ஈற்றில் வீக்கமோ சீழோ தோன்றின் உடனே தெரிவித்தல், தம் பல்லுக்கு என்ன செய்யப்பட்டதென்பதைக் கேட்டறிதல் ஆகியன அவர் கையில் உள்ளன.

பல் போனால் சொல் போகும் என்றனர் முன்னோர். உணவும் உரையும் தெளிந்த உச்சரிப்பும் பல்லைச் சார்ந்தன. அப்பல்லைக் காக்கும் வித்தை கடிகார வில்லில் தொடங்கி, மலாயாப் பிசினையும் எக்ஸ் கதிரையும் யப்பானிய மின்மானியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, கலங்கரை விளக்கத்துக்கு அடித்தளமிட்ட சாந்தில் வந்து நிலைபெற்றுள்ளது. அலை மோதும் துறைமுகச் சுவரிலே வெடிப்புக் காணுமிடத்து, அது சிறிதாயிருக்கும்போதே பூசிவிடுவது கட்டடக்காரர் வழக்கம். பல்லின் வேருக்கும் அதுவே நெறி.